டயாலிசிஸை நிறுத்தினாதான் விசுவாசமா? ஒரு சகோதரியோட கேள்விக்கு பதில்

கேள்வி:

அக்கா, ஸ்தோத்திரம். எங்களுக்கு தூத்துக்குடி மாவட்டத்துல ஒரு கிராமம். வீட்டுக்காரருக்கு 41 வயசு, சுகர்ல ரெண்டு கிட்னியும் போயிடுச்சு, ரெண்டு வருஷமா வாரத்துக்கு மூணு நாள் டயாலிசிஸ். நாங்க ஜெபிக்காத ஜெபம் இல்ல, உபவாசம், முழு இரவு ஜெபம், சங்கிலி ஜெபம் எல்லாம் பண்ணியாச்சு. போன மாசம் ஒரு ஜெபக்கூட்டத்துல ஊழியக்காரர் ஒருத்தர் இவர் தலைல கை வச்சு, சுகம் கிடைச்சாச்சு, இனிமே மெஷின்ல போய் படுத்தா அது அவிசுவாசம், நிறுத்திட்டு விசுவாசத்த காட்டுங்கன்னு சொல்லிட்டாரு. விதைக் காணிக்கையா ஐம்பதாயிரம் கொடுக்கவும் சொன்னாங்க. எங்க அத்தையும் அதையேதான் சொல்றாங்க. போன வாரம் இவர் ஒரு தடவை போகல, அன்னைக்கு ராத்திரி மூச்சு வாங்கி ரொம்ப பயந்துட்டோம். டாக்டர் என்கிட்ட, நீங்க கிட்னி கொடுக்க முடியுமான்னு டெஸ்ட் பண்ணி பாக்கலாமாங்கிறாரு. கொடுக்க எனக்கு மனசு இருக்கு, ஆனா கொடுத்தா கர்த்தர் சுகமாக்க மாட்டார்னு நாங்களே முடிவு கட்டின மாதிரி ஆகிடாதா? ஆறாவது படிக்கிற பொண்ணு வேற, ஏம்மா ஜீசஸ் அப்பாவுக்கு மட்டும் சுகம் தரலன்னு கேக்குறா. உண்மைய சொல்றேன் அக்கா, இப்பல்லாம் முழங்கால் போட்டா வார்த்தையே வரல. கர்த்தர் கேக்குறாரா இல்லையா, எனக்குதான் விசுவாசம் இல்லையா?

பதில்:

தங்கச்சி, முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன், மத்ததெல்லாம் அப்புறம். அடுத்த டயாலிசிஸ் என்னைக்கோ அன்னைக்கு அவர கண்டிப்பா கூட்டிட்டு போங்க. இத படிக்கிற நேரத்துல அவருக்கு மூச்சு வாங்குது, படுக்க முடியாம உக்காந்தே இருக்காரு, நெஞ்சு படபடன்னு அடிக்குது, கை கால் தளர்ந்து போகுதுன்னா அந்த நாள் வரைக்கும் கூட காத்திருக்க வேண்டாம், 108-க்கு போன் பண்ணி எமர்ஜென்சிக்கு போயிடுங்க, போனதும் முதல் வார்த்தையா "டயாலிசிஸ் பேஷன்ட், ஒரு தடவை விட்டுப்போச்சு"ன்னு சொல்லுங்க.

நான் டாக்டர் இல்ல, ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில நோயாளிங்களுக்கும் குடும்பத்துக்கும் கவுன்சிலிங் கொடுக்குறது, கூட இருந்து ஜெபிக்கிறது, இதுதான் என் வேலை, டயாலிசிஸ் யூனிட்டும் என் பொறுப்புல வருது. அதனால அந்த ராத்திரி மூச்சு வாங்கினது ஏன்னு எனக்கு தெரியும், உங்களுக்கும் தெரியணும். நல்ல கிட்னி ராத்திரி பகலா செய்ற வேலையில ஒரு பங்கதான் அந்த மெஷின் வாரத்துல மூணு நாள், ஒவ்வொரு நாளும் நாலு மணி நேரம் கிட்ட ஓடி செய்யுது. ஒரு தடவை விட்டா வெளிய போக வேண்டிய தண்ணி உடம்புலயே நிக்கும், அது நுரையீரல்ல ஏறினா மூச்சு வாங்கும். அத விட பயங்கரம் பொட்டாசியம், அது ரத்தத்துல ஏறினா வலி கூட இல்லாம இதயத்துடிப்பையே நிறுத்திடும். கிட்னி சுத்தமா வேலை செய்யாதவங்க மொத்தமா டயாலிசிஸ நிறுத்தினா பெரும்பாலும் ஒரு வாரம், ரெண்டு வாரம்தான். அந்த கூட்டத்துல யாரும் இத உங்களுக்கு சொல்லியிருக்க மாட்டாங்க.

இன்னொண்ணு, உபவாசம். நீங்க இருங்க, அது உங்களுக்கும் கர்த்தருக்கும் நடுவுல உள்ளது, ஆனா அவர இருக்க விடாதீங்க. சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுக்குறவர் பட்டினி கிடந்தா சுகர் திடீர்னு இறங்கி மயக்கமாகிடும். உபவாசம் முடிக்கிறப்ப நம்ம ஊர்ல எல்லாரும் என்ன கொடுப்பாங்க, இளநீர், ஆரஞ்சு ஜூஸ், வாழைப்பழம். மூணுலயும் பொட்டாசியம் நிறைய, டயாலிசிஸ் பேஷன்ட்டுக்கு கொடுக்கவே கூடாத சாமான். ஜெபிக்க வர்றவங்க பாசத்துல இளநீர் வாங்கிட்டு வருவாங்க, நன்றி சொல்லி வாங்கி நீங்களும் பிள்ளையும் குடிச்சிருங்க.

இப்ப உங்க கேள்விக்கு வரேன். "நிறுத்தி விசுவாசத்த காட்டு"ங்கிற பேச்ச வேதத்துல யார் பேசுறாங்கன்னு பாருங்க. மத்தேயு 4. இயேசுவ தேவாலயத்து உப்பரிகையில நிறுத்தி, தாழக் குதியும், தூதர்கள் உம்மை ஏந்திக்கொள்வார்கள்னு எழுதியிருக்குன்னு சங்கீதத்துல இருந்து வசனத்தையும் எடுத்து காட்டுனது யாரு? சாத்தான். வசனம் சரியான வசனம்தான், சங்கீதம் 91, நம்ம வீட்டு சுவத்துல எல்லாம் மாட்டி வச்சிருக்கோம். ஆனா இயேசு குதிக்கல. "உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக"ன்னு சொல்லிட்டு நின்னாரு. பிதா மேல அவருக்கு விசுவாசம் கொறவுன்னு யாராவது சொல்ல முடியுமா? டயாலிசிஸ நிறுத்திட்டு கர்த்தர் என்ன செய்றாருன்னு பாப்போம்ங்கிறது அந்த உப்பரிகையில இருந்து குதிக்கிற வேலைதாம்மா. அத செய்யாததுக்காக நீங்க ஒரு நிமிஷம் கூட குற்ற உணர்ச்சி பட வேண்டியதில்ல.

மருந்தும் ஜெபமும் ஒண்ணுக்கொண்ணு விரோதம்ங்கிற எண்ணம் நம்ம ஜனங்களுக்குள்ள எப்படியோ ஊறிப்போச்சு. எசேக்கியா ராஜாவ எடுத்துக்கோங்க, 2 இராஜாக்கள் 20. மரிச்சுப்போவீர்னு தீர்க்கதரிசியே வந்து சொல்லிட்டாரு, இவர் முகத்த சுவர் பக்கம் திருப்பி அழுது ஜெபிக்கிறாரு, உன் விண்ணப்பத்தை கேட்டேன், கண்ணீரை கண்டேன், குணமாக்குவேன், 15 வருஷம் கூட்டித் தரேன்னு கர்த்தர் வாக்கு கொடுக்கிறாரு. வாக்கு கொடுத்தாச்சு இல்லையா, அப்புறம் என்ன வேணும்? ஆனா அடுத்ததா ஏசாயா என்ன சொல்றாரு, அத்திப்பழத்து அடைய கொண்டு வாங்கங்கிறாரு, கொண்டு வந்து பிளவை மேல பத்து போடுறாங்க, ராஜா பிழைக்கிறாரு. சுகமாக்குவேன்னு கர்த்தர் சொன்னதுக்கு அப்புறமும் பத்து போட்டாங்க, அத அவிசுவாசம்னு யாரும் சொல்லல. மழைக்காக ஜெபிக்கிற விவசாயி கிணத்து மோட்டர ஆஃப் பண்ணிட்டு போய் ஜெபிக்கிறது இல்லையே.

ஆசா ராஜாவ வச்சு உங்கள பயமுறுத்துவாங்க, 2 நாளாகமம் 16, வியாதியில கர்த்தரை தேடாம பரிகாரிகளை தேடினான்னு. அந்த அதிகாரத்த முதல்ல இருந்து படிங்க. ஆபத்து வந்தப்ப கர்த்தர விட்டுட்டு சீரியா ராஜாவுக்கு வெள்ளியும் பொன்னும் அனுப்பி சகாயம் கேட்டவன், அத கண்டிச்சு சொன்ன ஞானதிருஷ்டிக்காரர காவல்ல போட்டவன். அவன் குத்தம் கர்த்தர தேடாதது. நீங்க ரெண்டு வருஷமா தேடிக்கிட்டே இருக்கீங்க. பவுல் கூடயே ஊர் ஊரா போன லூக்கா யாரு, கொலோசெயர் 4-ல "பிரியமான வைத்தியன்"னு பவுலே எழுதுறாரே.

கர்த்தர் இன்னைக்கும் அற்புதமா சுகமாக்குவார்னு நான் முழு மனசோட நம்புறேன், அதுல சந்தேகமே வேண்டாம். ஆனா நிஜமான சுகத்துக்கு பரிசோதனைன்னா பயம் கிடையாது. குஷ்டரோகிய தொட்டு சுகமாக்கினதும் இயேசு அவன்கிட்ட சொன்னது என்ன, போய் ஆசாரியனுக்கு உன்னை காண்பின்னு. அந்த காலத்துல சுகமாச்சுன்னு பாத்து சொல்ற பொறுப்பு ஆசாரியனோடது. கர்த்தர் உங்க வீட்டுக்காரரோட கிட்னிய தொட்டிருந்தா யூரின் நல்லா போக ஆரம்பிக்கும், ரத்தத்துல கிரியாட்டினின்ங்கிற கழிவு கொறைஞ்சது ரிப்போர்ட்ல தெரியும், அப்ப கிட்னி டாக்டரே டயாலிசிஸ கொறச்சு நிறுத்துவாரு, நீங்க ஒண்ணும் பண்ண வேண்டியதில்ல. சுகம் கிடைச்சாச்சு ஆனா டெஸ்ட் மட்டும் பண்ணாதீங்கன்னு ஒருத்தர் சொன்னா அந்த இடத்துல உஷாரா இருங்க.

காணிக்கை விஷயம். ஐம்பதாயிரம் கொடுக்காதீங்க. ஐநூறு கூட அந்த காரணத்துக்காக கொடுக்காதீங்க. குஷ்டரோகியா இருந்த நாகமான் சுகமாகி பெரிய காணிக்கையோட எலிசா தீர்க்கதரிசி வாசல்ல வந்து நின்னப்ப எலிசா ஒண்ணும் வாங்க மாட்டேன்னு ஒரேயடியா சொல்லிட்டாரு, பின்னாடியே ஓடிப்போய் வாங்கினவன் எலிசாவோட வேலைக்காரன் கேயாசி, நாகமானோட குஷ்டம் அவனுக்கு வந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும். "இலவசமாய்ப் பெற்றீர்கள், இலவசமாய்க் கொடுங்கள்"னு இயேசு சொன்னது வியாதியஸ்தர சொஸ்தமாக்குங்கன்னு சீஷர்கள அனுப்பின அதே இடத்துல. நோயாளி வீட்டுல சுகத்துக்கு விலை வைக்கிறத கேட்டா எனக்கு கோபம் வருதும்மா, அத மறைக்க விரும்பல. அந்த காசு பஸ்ஸுக்கும் மருந்துக்கும் பொண்ணு படிப்புக்கும் வேணும். டயாலிசிஸுக்கு கையில இருந்து கட்டிட்டு இருந்தீங்கன்னா முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துல அது வருது, கார்டு இருக்கான்னு பாருங்க, இல்லன்னா ஆஸ்பத்திரியில அதுக்குன்னு இருக்கிற கவுன்டர்ல கேளுங்க.

இப்ப உங்கள ராத்திரி தூங்க விடாத கேள்வி, எனக்கு விசுவாசம் இல்லையாங்கிறது. உங்களுக்கு காட்டுன வசனம் மாற்கு 11:24-ஆதான் இருக்கும், ஜெபத்துல எதைக் கேட்டாலும் பெத்துக்கொள்வோம்னு விசுவாசியுங்க, அப்ப உண்டாகும்னு. அது இயேசு சொன்னது, மறுக்க முடியாது, மறுக்கவும் நான் வரல. ஆனா அதே மாற்குல மூணு அதிகாரம் தாண்டி 14-க்கு வாங்க. சிலுவைக்கு முந்தின ராத்திரி அதே வாய் கெத்செமனே தோட்டத்துல ஜெபிக்குது. "அப்பா பிதாவே, எல்லாம் உம்மாலே கூடும், இந்தப் பாத்திரத்தை என்னிடத்திலிருந்து எடுத்துப்போடும், ஆகிலும் என் சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது." எல்லாம் உம்மால கூடும்ங்கிறதுல சந்தேகம் இல்ல, எனக்கு இது வேண்டாம்னு கேக்குறதுலயும் கூச்சம் இல்ல, ஒரே விஷயத்த திரும்ப திரும்ப போய் கேக்குறாரு, அப்புறம் முடிவ பிதா கையில விடுறாரு. மாற்கு 11 என்ன சொல்லுதுன்னு புரிஞ்சிக்க மாற்கு 14-ல அவர் எப்படி ஜெபிச்சாருன்னு பாக்கணும், ஒண்ண மட்டும் பிச்சு எடுத்து கையில கொடுத்தா அது பாரமாத்தான் ஆகும்.

அந்த ஜெபம் கேக்கப்பட்டுச்சா இல்லையா? எபிரெயர் 5:7 படிங்க, பல தடவை படிங்க. பலத்த சத்தத்தோடும் கண்ணீரோடும் விண்ணப்பம் பண்ணினார்னு எழுதியிருக்கு, அதோட "கேட்கப்பட்டு"ன்னும் எழுதியிருக்கு. கேட்கப்பட்டுச்சு, ஆனாலும் மறுநாள் சிலுவைக்கு போனாரு, மூணாம் நாள் எழுந்தாரு. பாத்திரம், அதாவது அந்த பாடு, நீங்கல, அதுக்காக பிதா கேக்கலன்னு ஆகல. உங்க கேள்விக்கு என் கையில இருக்கிற பதில் இதுதான் தங்கச்சி. கர்த்தர் கேக்குறாரா? கேக்குறாரு. கிரியாட்டினின் ரிப்போர்ட்ட வச்சு அவர் கேட்டாரா இல்லையான்னு கண்டுபிடிக்க முடியாது. நாம நம்பணும்னு வேதம் கேக்குறது ஒரு குறிப்பிட்ட ரிசல்ட்ட இல்ல, நம்மள பெத்தவர் மாதிரி காது கொடுத்து கேக்குற ஒருத்தர. ரிசல்ட்ட நாம ஆசையா கேக்கலாம், அழுது கேக்கலாம், நாளைக்கும் கேக்கலாம்.

தன் சரீரத்துல முள் மாதிரி இருந்த ஒரு வேதனை நீங்கணும்னு பவுல் மூணு தடவை வேண்டிக்கிட்டாரு, முள் போகல, "என் கிருபை உனக்குப்போதும்"னு பதில் வந்துச்சு. இது எல்லாருக்கும் தெரிஞ்ச பகுதி. யாரும் அதிகமா பிரசங்கம் பண்ணாத ஒரு வரி 2 தீமோத்தேயு 4:20-ல இருக்கு, துரோப்பீமுவை மிலேத்துவில வியாதியா விட்டுட்டு வந்தேன்னு பவுல் எழுதுறாரு. எபேசுல அவர் சரீரத்துல இருந்து கொண்டு போன உறுமால்கள போட்டாலே வியாதி போச்சுன்னு அப்போஸ்தலர் 19 சொல்லுது, அதே பவுல் கூட ஊழியத்துக்கு வந்த ஒருத்தர வியாதியோடயே ஒரு ஊர்ல விட்டுட்டு போக வேண்டியிருந்துச்சு. பவுலுக்கு விசுவாசம் பத்தலயா, துரோப்பீமுவுக்கு பத்தலயா? அப்படி ஒரு வார்த்தை அங்க இல்ல.

விசுவாசத்த நோயாளி தலைலயும் பொண்டாட்டி தலைலயும் மட்டும் ஏத்துறது வேதத்துல இருக்கிற முறையே இல்ல. மாற்கு 2-ல திமிர்வாதக்காரன நாலு பேர் தூக்கிட்டு வந்து கூரைய பிரிச்சு இறக்கினாங்களே, அங்க இயேசு பாத்தது அவங்க விசுவாசத்த. யாக்கோபு 5-ல வியாதியஸ்தன் சபை மூப்பர்கள வரவழைக்கணும், அவங்க எண்ணெய் பூசி ஜெபிக்கணும்னு இருக்கு, அங்க சொல்ற விசுவாசமுள்ள ஜெபம் அந்த மூப்பர்கள் பண்றது. சரி, கொஞ்சமா இருக்கிற விசுவாசத்த என்ன பண்றதுங்கிறீங்களா, மாற்கு 9-ல ஒரு அப்பா பிள்ளைய கூட்டிட்டு வந்து "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்"னு கதறுறாரு. பாதி நம்பிக்கை, பாதி பயம். இயேசு அவர திருப்பி அனுப்பல, போய் முழுசா விசுவாசத்தோட வான்னு சொல்லல, அந்த நிமிஷமே பிள்ளைய விடுவிச்சாரு.

நம்ம கூட்டங்கள்ல சாட்சி நேரத்துல மைக் யார் கைக்கு போகுதுன்னு கவனிச்சிருக்கீங்களா? சுகம் கிடைச்சவங்க, விசா வந்தவங்க, கல்யாணம் கூடி வந்தவங்க. அவங்க சொல்லணும், அது நல்லது, கேக்க சந்தோஷம். ஆனா இன்னும் வியாதியோட இருந்துகிட்டே ஆண்டவர விடாம பிடிச்சிட்டு இருக்கிறவங்கள யாரும் மேடைக்கு கூப்பிடுறது இல்ல, அதனால அப்படி ஒரு கூட்டமே இல்லன்னு உங்களுக்கு தோணிடுச்சு. உங்க பக்கத்து ஜில்லாவுலயே டோனாவூர் இருக்கு. அங்க ஆதரவில்லாத பிள்ளைங்கள வளத்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மா 1931-ல கீழ விழுந்தாங்க, அதுக்கப்புறம் 1951-ல சாகுற வரைக்கும் பெரும்பாலும் அவங்க ரூம்லயும் கட்டில்லயும்தான், இருபது வருஷம் கிட்ட. ஜெபிக்க ஆள் இல்லாமலா, அந்த வளாகம் முழுக்க அவங்க வளத்த பிள்ளைங்க. சுகம் வரல, அவங்க அந்த கட்டில்ல இருந்தே எழுதிக்கிட்டும் ஜெபிச்சுக்கிட்டும் இருந்தாங்க.

வேலூர்ல மேரி வர்கீஸ்னு ஒரு டாக்டர். 1954-ல கார் விபத்துல முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்கு கீழ உணர்வு போச்சு, அதுக்கப்புறம் நடக்கவே இல்ல. வீல்சேர்ல உக்காந்தபடியே தொழுநோயாளிங்களோட கைகளுக்கு ஆபரேஷன் பண்ணினாங்க, அப்புறம் மறுவாழ்வு மருத்துவம் படிச்சிட்டு வந்தாங்க, 1966-ல அவங்க தலைமையில வேலூர்ல மறுவாழ்வு மையம் ஆரம்பிச்சாங்க, அவங்க மாதிரியே தண்டுவடம் அடிபட்டவங்க எத்தனையோ பேர் அங்க போய் திரும்ப வாழ கத்துக்கிட்டாங்க. இத சொல்றப்ப ஒரு விஷயத்துல நான் கவனமா இருக்கணும். பெருசா ஒண்ணு செய்றதுக்காகத்தான் கர்த்தர் உங்க வீட்டுக்காரருக்கு கிட்னிய எடுத்தாருன்னு நான் சொல்லவே இல்ல, அப்படி யாராவது சொன்னா அதையும் காதுல வாங்காதீங்க. பிறவிக்குருடன பாத்து யார் செஞ்ச பாவம்னு சீஷர்கள் கேட்டப்ப இவன் பாவமும் இல்ல, பெத்தவங்க பாவமும் இல்லன்னு இயேசு சொன்னாரு. காரணம் தேடி உங்க பழைய வாழ்க்கைய தோண்ட வேண்டாம். சுகம் வராத வாழ்க்கையிலயும் கர்த்தர் கூட நடந்தவங்க இருக்காங்க, அவங்கள விசுவாசம் இல்லாதவங்கன்னு சொல்ல யாருக்கும் துணிச்சல் வராது, அத உங்க கண்ணுக்கு காட்டத்தான் சொன்னேன்.

கிட்னி கொடுக்குறது பத்தி. கொடுத்தா கர்த்தர் மேல நம்பிக்கை இல்லன்னு ஆகுமான்னு கேட்டீங்க. நான் கேக்குறேன், ரெண்டு வருஷமா நீங்க ஜெபிச்சதுக்கு பதில் உங்க உடம்புலயே இருக்கலாம்னு ஏன் நினைக்கக்கூடாது? தன்னையே நமக்காக கொடுத்தவர கும்பிடுறவங்க நாம, ஒரு மனைவி மனசார கொடுக்க நினைக்கிறத அவர் அவிசுவாசம்னு பாப்பாரா. ஆனா இதுக்கு மறுபக்கமும் இருக்கு, அதையும் சொல்லணும். நீங்க கொடுத்தே ஆகணும்னு யாரும் சொல்ல முடியாது, நான் உட்பட. கர்த்தர் என்கிட்ட சொன்னார்னு யாராவது வந்தா அவங்களும் சொல்ல முடியாது. டெஸ்டுக்கு போறதால ஒத்துக்கிட்டதா அர்த்தம் இல்ல. பிளட் குரூப், உங்க ரத்தமும் அவர் ரத்தமும் ஒத்துப்போகுதான்னு பாக்குற கிராஸ்மேட்ச், உங்களுக்கு சுகர் பிரஷர் இருக்கா, கிட்னி எப்படி இருக்குன்னு எல்லாம் பாப்பாங்க, கடைசி நேரத்துல கூட வேண்டாம்னு சொல்லலாம், டாக்டர்கிட்ட தனியா பேசணும்னு கேளுங்க, அத்தை கூட இல்லாம, வீட்டுக்காரர் கூட இல்லாம.

1994-ல வந்த உறுப்பு மாற்று சட்டப்படி கணவன் மனைவி நெருங்கின உறவுல வர்றதால பேப்பர் வேலை மத்தவங்களுக்கு இருக்கிற அளவுக்கு கஷ்டமா இருக்காது. குரூப் சேரலன்னா அதோட கதவு மூடிடாது, இதே மாதிரி சேராத இன்னொரு ஜோடியோட மாத்திக்கிற ஸ்வாப் முறைக்கு 2011 திருத்தத்துல இடம் கொடுத்திருக்காங்க, மூளைச்சாவு அடைஞ்சவங்ககிட்ட இருந்து கிடைக்கிறதுக்கு தமிழ்நாடு அரசோட உறுப்பு மாற்று ஆணையமான டிரான்ஸ்டான் லிஸ்ட்ல ஆஸ்பத்திரி மூலமா பேர் பதியலாம், அதையும் இப்பவே கேட்டு வைங்க. ஆபரேஷனுக்கு அப்புறமும் அவர் ஆயுசு முழுக்க மாத்திரை சாப்பிடணும், உங்களுக்கும் வருஷா வருஷம் செக்கப் உண்டு, தெரிஞ்சே முடிவு பண்ணுங்க. நல்ல கிட்னி ஒண்ணு இருந்தா ஒருத்தர் சாதாரணமா வாழலாம்.

உங்க லெட்டர்ல ஒரு ஆள் குரல் மட்டும் கேக்கவே இல்ல, உங்க வீட்டுக்காரர் குரல். அன்னைக்கு அவர் டயாலிசிஸுக்கு போகாதது விசுவாசத்துலயா, இல்ல அலுத்துப்போயா? டயாலிசிஸ்ல இருக்கிறவங்களுக்கு மனச்சோர்வு சாதாரணமா வர்றது. ஊசி குத்தி குத்தி கை புடைச்சு, ஒரு டம்ளர் தண்ணிக்கு கணக்கு பாத்து, வேலை போயி, வீட்டுக்கு பாரமா இருக்கோம்னு நினைச்சு, சில பேர் "விசுவாசத்துல நிறுத்துறேன்"னு சொல்றதுக்குள்ள "எனக்கு போதும்"ங்கிறது ஒளிஞ்சிருக்கும். அதனால பொண்ணு தூங்கினதுக்கப்புறம் பக்கத்துல உக்காந்து நேரடியா கேளுங்க, என்னங்க, வாழவே வேண்டாம்னு தோணுதான்னு. கேட்டா அந்த எண்ணம் வந்துடும்னு பயப்படாதீங்க, கேக்குறது பாரத்த இறக்கத்தான் செய்யும். ஆமான்னு சொன்னா டயாலிசிஸ் டாக்டர்கிட்ட சொல்லி மனநல டாக்டர பாருங்க, 14416-ங்கிற டெலி மானஸ் மனநல உதவி நம்பர் இலவசம், தமிழ்லயே பேசலாம், நீங்களும் பேசலாம்.

அத்தை மேல கோபப்படாதீங்க. அவங்க வயித்துல பிறந்த பிள்ளை, அவங்க ஆசைப்படுறது மகன் மெஷின் இல்லாம பழையபடி நடமாடணும்ங்கிறது மட்டும்தான், அத ஒருத்தர் ஈசியா வாக்கு கொடுத்தா எந்த அம்மாவுக்கும் பிடிச்சுக்க தோணும். வாதம் பண்ணி ஜெயிக்க பாக்காதீங்க, ஒரு நாள் டயாலிசிஸுக்கு கூடவே கூட்டிட்டு போய் டாக்டர் வாயாலயே கேக்க வைங்க. உங்க சபை ஐயர, அதான் போதகர, வீட்டுக்கு வர சொல்லி, எண்ணெய் பூசி ஜெபிக்கவும் சொல்லுங்க, டயாலிசிஸ் தொடரணும்னு அத்தை முன்னாடி அவரே சொல்லட்டும், நீங்க சொல்றதுக்கும் ஐயர் சொல்றதுக்கும் அவங்களுக்கு நிறைய வித்தியாசம் இருக்கும்.

பொண்ணுக்கு என்ன சொல்றது? பொய் சொல்லாதீங்க. நீ நல்லா ஜெபிச்சா அப்பாவுக்கு சுகமாகிடும்னு மட்டும் சொல்லவே சொல்லாதீங்க, நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா அந்த பிள்ளை தன்னாலதான்னு ஆயுசுக்கும் சுமக்கும். "எனக்கும் தெரியல பாப்பா, அம்மாவும் ஜீசஸ்கிட்ட அதே கேள்விய கேட்டுக்கிட்டு இருக்கேன், அவருக்கு நம்ம மேல கோபம் இல்ல, டாக்டர் அப்பாவ நல்லா பாத்துக்கிறாங்க"ன்னு சொல்லுங்க. அம்மாவுக்கும் தெரியாததுன்னு ஒண்ணு இருக்குன்னு பிள்ளைங்க கேட்டா அவங்க ஒண்ணும் உடைஞ்சு போக மாட்டாங்க.

கடைசியா உங்க முழங்கால். வார்த்தை வரலன்னா வர வேண்டாம். ரோமர் 8-ல என்ன வேண்டிக்கிறதுன்னு தெரியாத நமக்காக ஆவியானவரே வாக்குக்கடங்காத பெருமூச்சோட வேண்டுதல் செய்றாருன்னு இருக்கு, அப்ப நீங்க சும்மா உக்காந்து அழுதா அதுவும் ஜெபம்தான். வார்த்தை வேணும்னா சங்கீதம் 13-ஐ எடுத்து உரக்க படிங்க, "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?"னு ஆரம்பிக்குது, தாவீது ஆண்டவர் முகத்துக்கு நேரா கேட்ட கேள்வி அது, நீங்களும் கேக்கலாம். சங்கீதம் 88 இன்னும் ஒரு படி மேல, கடைசி வரி வரைக்கும் இருட்டுதான், அதையும் கர்த்தர் வேதத்துல வச்சிருக்காரு. சுகம் வேணும்னு கேக்குறத விடாதீங்க, லூக்கா 18-ல அந்த விதவை அலுக்காம போய் கேட்டத இயேசு மெச்சித்தான் சொன்னாரு. அதோட சேத்து சின்ன சின்ன விஷயத்தையும் பேர் சொல்லி கேளுங்க, இன்னைக்கு ஊசி ஒரே குத்துல ஏறணும், பொட்டாசியம் ஏறக்கூடாது, ஊசி போட கையில ரத்தக்குழாய இணைச்சு வச்சிருக்கிற ஃபிஸ்டுலா அடைக்கக்கூடாது, மெஷின் போடுற சிஸ்டர் நல்லா இருக்கணும்னு. டயாலிசிஸ் ஓடுற அந்த நாலு மணி நேரம் பக்கத்துல இருக்க விட்டாங்கன்னா அவர் கைய பிடிச்சு ரெண்டு பேரும் சேந்து ஜெபிங்க, மெஷின் ஓடுறப்பவே ஜெபிங்க.

அடுத்த தடவை போறப்ப டாக்டர்கிட்ட மூணு விஷயம் கேட்டுட்டு வாங்க, போன வாரம் விட்டதால ஏதாவது டெஸ்ட் பாக்கணுமா, உங்க டோனர் டெஸ்ட் என்னைக்கு, டிரான்ஸ்டான்ல பதிய என்ன பேப்பர் வேணும்னு. கிராஸ்மேட்ச் ரிசல்ட் எப்படி வந்தாலும் எனக்கு எழுதுங்க. அந்த ஊழியக்காரர் திரும்ப போன் பண்ணினா நீங்க பதில் சொல்லிட்டு இருக்க வேண்டாம், எங்க ஐயர்கிட்ட பேசிக்கோங்கன்னு நம்பர கொடுத்துட்டு வச்சிடுங்க.